பத்துக் கடை சாலட்: ஓஷோ வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு கூடி ஓஷோவைப் படித்துப் பேசுகிற வாசகர் வட்டங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் வெளியாள் இல்லை. பல வருடமாக அப்படியொரு வட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து வருகிறவன். வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அவருடைய தமிழ் மொழிபெயர்ப்புகள்தான். மொட்டை மாடியில் டைனமிக் தியானம் செய்கிறேன் என்று ‘ஹூ ஹூ’ எனக் குதித்து, பக்கத்து வீட்டுக்காரர் என் மனைவியிடம் வந்து, “அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று விசாரித்ததும் உண்டு. அதனால் இதையும் ஓஷோவைத் திட்டுகிற இன்னொரு கடிதம் என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் கூட்டத்துக்கு ஒரு கல்லூரி மாணவி வந்திருந்தார். நெட்ஃபிளிக்ஸில் 2018இல் வந்த ஆவணத்தொடரைப் பார்த்துவிட்டு வந்தவர் போல. எழுந்து நின்று, “ஒரேகானில் உண்மையில் என்னதான் நடந்தது?” என்று கேட்டார். இரண்டே வரியில் பதில் முடிந்தது. “அமெரிக்க அரசு பகவானுக்கு விஷம் வைத்தது. மற்றதெல்லாம் ஷீலா செய்த வேலை, அவருக்கு எதுவும் தெரியாது.” அப்புறம் டீ வந்துவிட்டது. அந்தப் பெண் மறுபடி வரவில்லை. அன்றைக்கு நானும் வாய் திறக்கவில்லை. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது, தாமதமாக, உங்களுக்குச் சொல்கிறேன்.

1974 முதல் புனே கோரேகாவ் பார்க்கில் ஆசிரமம் நடத்திவந்த ஓஷோ (அப்போது அவர் பெயர் பகவான் ஸ்ரீ ரஜ்னீஷ்), 1981 ஏப்ரலில் பொதுவில் பேசுவதை நிறுத்தினார். ஜூன் மாதம் மருத்துவச் சிகிச்சை என்று சொல்லி அமெரிக்கா போனார். ஜூலையில் அவருடைய செயலாளர் மா ஆனந்த் ஷீலாவின் முயற்சியில் ஒரேகான் மாநிலத்தின் நடுவே ‘பிக் மட்டி’ என்ற பண்ணை வாங்கப்பட்டது. ஏறத்தாழ 64,000 ஏக்கர், விலை 57.5 லட்சம் டாலர். ஆடுமாடு மேய்ந்து மேய்ந்து மொட்டையாகிப் போன மலைக்காடு அது. பக்கத்து ஊரான ஆன்டலோப்பில் மொத்தமே ஐம்பது பேர்கூட இருக்கமாட்டார்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற கிழவர் கிழவிகள்.

அந்த மண்ணில் ‘சந்நியாசிகள்’ எனப்பட்ட அவருடைய சீடர்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம் குறையவில்லை. அணை கட்டினார்கள், சாலை போட்டார்கள், காய்கறி விளைவித்தார்கள், பால் பண்ணை வைத்தார்கள், விமான ஓடுதளம்கூட அமைத்தார்கள். வக்கீலும் பொறியாளரும் உளவியல் படித்தவர்களும் சிவப்பு உடை போட்டுக்கொண்டு, கழுத்தில் அவர் படம் தொங்கும் 108 மணி மாலையோடு மண்வெட்டி பிடித்தார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட வேலை. அதற்கு அங்கே பெயர் ‘வேலை’ இல்லை, ‘வழிபாடு’. இந்த ஒரு சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். வேலை என்றால் கூலி கேட்கலாம், விடுப்பு கேட்கலாம், மேஸ்திரியோடு சண்டை போடலாம். வழிபாட்டில் எதைக் கேட்பது?

(அணையால் உண்டான ஏரிக்கு அவர்கள் வைத்த பெயர் கிருஷ்ணமூர்த்தி ஏரி. தன்னை உலக குருவாக்க வளர்த்த அமைப்பை 1929இல் தானே கலைத்துவிட்டு வெளியேறிய அதே ஜே. கிருஷ்ணமூர்த்தி. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, இல்லையா என்று எனக்கு இன்றும் புரியவில்லை.)

உள்ளூர்க்காரர்களும் அப்பாவிகள் என்று சொல்லமாட்டேன். சிவப்பு உடையைக் கண்டாலே ஆத்திரப்பட்டவர்கள் இருந்தார்கள், துப்பாக்கியைக் காட்டி மிரட்டியவர்களும் இருந்தார்கள். 1983இல் போர்ட்லண்டில் சந்நியாசிகள் நடத்திய விடுதியில் குண்டு வெடித்தது. அதுவும் வரலாறுதான். விவசாய நிலத்தில் நகரம் கட்டக்கூடாது என்று வழக்கு, மதமும் அரசும் ஒன்றாகக் கூடாது என்று இன்னொரு வழக்கு. சரி, நெருக்கடி இருந்தது. ஆன்டலோப் நகரசபையைத் தேர்தலில் நின்று பிடித்து, ஊர் பெயரையே ‘ரஜ்னீஷ்’ என்று மாற்றியது அந்த நெருக்கடிக்குப் பதில் என்றே வைத்துக்கொள்வோம். 1984இல் நடந்ததற்கு அந்தச் சமாதானமும் செல்லாது.

அந்த நவம்பரில் வாஸ்கோ கவுன்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல். மூன்று பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் இரண்டு இடங்களைப் பிடித்தால் கவுன்டியே கையில். அதற்கு ஓட்டு வேண்டும். அமெரிக்க நகரங்களின் தெருக்களில் வீடில்லாமல் கிடந்த சில ஆயிரம் பேரைப் பேருந்து பேருந்தாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சாப்பாடு, படுக்கை, பீர் எல்லாம் கொடுத்தார்கள். ‘வீட்டைப் பகிர்ந்துகொள்வோம்’ என்பது திட்டத்தின் பெயர். வந்தவர்களில் பலர் போரிலிருந்து திரும்பியவர்கள், மனநோயாளிகள். அவர்களை அடக்கிவைக்க பீரில் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கலந்தார்கள். வாக்காளர் பதிவைக் கவுன்டி அதிகாரிகள் நிறுத்தியதும் அவர்களால் பயனில்லாமல் போயிற்று. பலரைப் பக்கத்து ஊர்களில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் கூட்டங்களில் கருணையைப் பற்றி எத்தனையோ மணி நேரம் பேசியிருக்கிறோம். இந்த மனிதர்களைப் பற்றி ஒரு நிமிடம் பேசியதாக நினைவில்லை.

அடுத்தது சாலட். நம் ஊர் ஓட்டலில் சாம்பார் வாளியிலிருந்து நாமே ஊற்றிக்கொள்வது போல, அங்கே நறுக்கிய காய்கறிகளைத் தட்டு தட்டாக வைத்திருப்பார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கவுன்டியின் தலைநகரம் கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் தி டாலஸ். அங்கே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பத்து உணவகங்களில் சாலட்டிலும் அதற்கு ஊற்றும் குழம்பிலும் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தார்கள். கிருமியை வளர்த்தது பண்ணையின் மருத்துவக்கூடத்தில். தேர்தலன்று ஊரை எழுந்திருக்க முடியாமல் படுக்க வைக்கலாமா என்று பார்ப்பதற்கான ஒத்திகை அது. 751 பேர் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் விழுந்தார்கள். 45 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பிறந்த பச்சைக் குழந்தையும் அதில் உண்டு. யாரும் சாகவில்லை என்பது நல்லூழ். இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. உணவகத் தொழிலாளர்கள் கை கழுவாததுதான் காரணம் என்று சுகாதாரத் துறை முதலில் முடிவுக்கு வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் அந்தப் பழியைச் சுமந்தவர்கள் அடுப்படியிலும் பரிமாறும் இடத்திலும் நின்ற சாதாரணக் கூலிக்காரர்கள்.

ஆக, அந்தக் கதையில் விஷம் என்று ஐயமில்லாமல் நிரூபணமானது இதுதான். அமெரிக்கச் சிறையில் தனக்கு விஷம் கொடுத்தார்கள் என்று ஓஷோ பிற்பாடு சொன்னார். அது அவர் சொன்னது மட்டும். தி டாலஸில் நடந்ததற்கு நீதிமன்றத்தில் தண்டனையே கிடைத்தது.

“அவருக்குத் தெரியாது” என்கிறீர்கள். 1985 செப்டம்பரில் ஷீலா தன் ஆட்களோடு ஐரோப்பாவுக்குப் பறந்ததும், ஓஷோவே நிருபர்களைக் கூட்டி ஷீலாவின் குற்றங்களை அடுக்கினார். விஷம் வைத்த வழக்கில் அவர்மேல் குற்றம் சாட்டப்படவில்லை, அது உண்மை. அவர் ஏற்றுக்கொண்டது குடிவரவுச் சட்டத்தை மீறிய இரண்டு குற்றங்கள். 4 லட்சம் டாலர் அபராதம் கட்டிவிட்டு அந்த நவம்பரில் நாட்டைவிட்டு வெளியேறினார். ஷீலாவுக்கு இருபது வருடத் தண்டனை, சிறையில் இருந்தது 29 மாதம்.

தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் தெரியாமல் இருக்கும்படி அந்த ஊரை அமைத்தது யார்? மூன்றரை வருடம் பொதுவில் பேசாமல் இருந்தது அவர் எடுத்த முடிவு. ஆயிரக்கணக்கானவர்களுக்கும் தனக்கும் நடுவே ஒரே ஒரு வாயை, ஷீலாவின் வாயை, வைத்ததும் அவர் முடிவு. அந்த வாய் தினமும் அவர் அறைக்குள் போய் வெளியே வந்து, “பகவான் சொன்னார்” என்று சொல்லும். சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. மதிய நேரத்தில் அவர் ரோல்ஸ் ராய்ஸில் மெல்ல ஊர்ந்து போவார், இவர்கள் சாலையோரம் கைகூப்பி நிற்பார்கள். கார்கள் மொத்தம் 93. நாம் கார்களை எண்ணிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அந்தச் சாலையோரம்தான் கண்ணில் நிற்கிறது. “ஆட்டு மந்தையாக இருக்காதே” என்று அவர் பேசிய பேச்சுகளைக் கேட்டு வீட்டை, வேலையை, சிலர் பிள்ளைகளையும் விட்டு வந்தவர்கள், அந்த வரிசையில் நின்றுகொண்டு ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அங்கே பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் இன்று நடுவயதில் தங்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டபின் எனக்கு அந்த ஊரின் விளைச்சலைப் பற்றிப் பெருமைப்பட நா எழவில்லை.

அவர் பேச்சில் இன்னும் நான் எடுத்துக்கொள்வது உண்டு. கபீரைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் கபீரைத் தேடிப் படித்தேன். அலமாரியைக் காலி செய்யப் போவதில்லை. உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: வட்டம் வெளியிடுகிற கையேட்டில் அவர் வாழ்க்கைக் குறிப்பு 1981இலிருந்து 1987இல் புனே திரும்பியதற்கு ஒரே தாவலில் போகிறது. அந்த இடைவெளியில் தி டாலஸ் என்ற ஊரின் பெயரும் 751 என்ற எண்ணும் வரட்டும். பேருந்தில் ஏற்றி வந்து இறக்கிவிடப்பட்டவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்.

இன்னொன்று. டிசம்பர் 11 அவர் பிறந்தநாள் கூட்டத்தில் எனக்கு இருபது நிமிடம் கொடுங்கள். நாலு பக்கம் எழுதிக் கொண்டுவருகிறேன். அந்த மாணவியின் எண் யாரிடமாவது இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். டீயை மட்டும் நான் படித்து முடித்த பிறகு கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பின்வரிசை நண்பன்