பாப்பாவுக்கு, அந்த பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

கண்ணு, நேத்து ராத்திரி நீ போன்ல சொன்னதுல இருந்து அதே நெனப்பா இருக்கேன். நீ போட்ட அந்த பீட்டுக்கு, அதான் பாட்டுக்கு அடில ஓடற தாளத்துக்கு, பாட்டு வெளியிடற லேபிள்காரங்க மொத்தமா ஒரு தொகை தர்றாங்க, உன் பேரு மட்டும் போட மாட்டாங்களாம், கையெழுத்து போட்டுரட்டுமாப்பான்னு கேட்ட. போன்ல எனக்கு கோர்வையா பேச வராது, அதான் டைப் பண்றேன், நீளமாத்தான் போகும், மெட்ரோல போறப்ப பொறுமையா படி.

போடாத. பணம் கம்மின்னு சொல்லல, பேரு இல்லாம போடாத.

நீ சொல்லித்தான் எனக்கு ஹிப் ஹாப் இசைய ஆரம்பிச்சு வச்ச டிஜே கூல் ஹெர்க் யாருன்னே தெரியும், அப்புறம் நானே யூடியூப்ல தேடித் தேடி பாத்துட்டேன். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்ல பிராங்ஸ், செட்ஜ்விக் அவென்யூ 1520ம் நம்பர் பில்டிங்ல அவரு தங்கச்சி வச்ச பார்ட்டிலதான் அவரு ரெக்கார்டு போட்டாரு, ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி புதுத்துணி வாங்க காசு சேக்கணும்னு. ஹெர்க் பொறந்தது ஜமைக்கா. அங்க பெரிய பெரிய ஸ்பீக்கரா அடுக்கி தெருவுல ரெக்கார்டு போடற ஆளுங்க இருந்தாங்க, அத பாத்து வளந்தவரு. நம்ம மைக் செட் தொழில்தான கண்ணு அது! அம்மாபேட்டையில நானும் கொழாய் ஸ்பீக்கர் கட்டி, அகூஜா ஆம்ப்ளிஃபயர் வச்சு, காலைல சாமி பாட்டுல ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் எந்த நேரத்துக்கு எந்த ரெக்கார்டுன்னு சனத்து மூஞ்சிய பாத்துத்தான் போடுவேன். ஹெர்க்கும் சனத்தத்தான் பாத்தாரு. பாடறது நின்னு ட்ரம்ஸ் மட்டும் வர்ற எடத்துல எல்லாரும் ஆட எறங்கறாங்கன்னு கவனிச்சு, ஒரே ரெக்கார்டுல ரெண்டு காப்பி வச்சு, ரெண்டு டர்ன்டேபிள்லயும் மாத்தி மாத்தி அந்த எடத்தையே நீட்டிக்கிட்டு போனாரு. அதுல இருந்துதான் ஹிப் ஹாப்பு, பீட்டு போடற உங்க தொழிலே வந்துச்சு.

அந்த மனுசனுக்கு 2011ல ஒடம்பு முடியாம போனப்ப இன்சூரன்ஸ் கெடையாது. டிஜே பிரீமியர்னு இன்னொரு ஹிப் ஹாப் டிஜே ரேடியோல சொல்லித்தான் ஊருக்கே தெரிஞ்சுது. உலகம் பூரா இந்த இசைல கோடி கோடியா சம்பாதிக்கறாங்க, ஆரம்பிச்சவருக்கு ஆஸ்பத்திரி பில்லு கட்ட வழியில்ல. இத படிச்சிட்டு எனக்கு மனசே ஆறல. நீ மெடிக்ளெய்ம் எடுத்துட்டியா இல்லையா, அதுக்கு தனியா பதில் போடு.

இப்ப பேப்பர் விஷயம். கோர்ட்டு பக்கம் இருக்கற நம்ம வக்கீல்கிட்ட உக்காந்து கேட்டுட்டு வந்தேன். 2012ல காப்பிரைட் சட்டத்த திருத்தியிருக்காங்க, பாட்டு எழுதறவங்களும் மெட்டு போடறவங்களும் அவங்களுக்கு வரவேண்டிய ராயல்டி பங்க விட்டுக்குடுத்தோம்னு எழுதிக் குடுத்தாலும் செல்லாது, வாரிசுக்கோ, ராயல்டி வசூல் பண்ணித் தர்ற ஐபிஆர்எஸ் மாதிரி சொசைட்டிக்கோதான் குடுக்க முடியும். ஆனா நீதான் காம்போசர்னு ஒரு பேப்பர்லயும் இல்லாம போயிட்டா எத வச்சு கேப்ப? அதனாலதான் லேபிள்காரங்க உன் பேரு வேணாங்கறாங்க. இன்னொன்னும் சொன்னாரு, ஒப்பந்தத்துல எத்தன வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷந்தான், எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டுந்தான். நீ அனுப்புன போட்டோல ரெண்டாவது பக்கத்துல "நிரந்தரமா, உலகம் முழுக்க"ன்னு இருக்கு பாரு, சும்மா போட்ட வார்த்தை இல்ல அது. காம்போசர்னு உன் பேரு, எத்தன பர்சன்ட்டு, எத்தன வருஷம், இது மூணும் எழுத்துல வந்தப்புறம், ஒவ்வொரு சத்தமும் தனித்தனியா இருக்கற ஸ்டெம் ஃபைல அனுப்பு. அதுக்கு முன்னாடி எம்பி3 மட்டும் போதும்.

இன்னொரு விஷயம் இருக்கு கண்ணு, இதச் சொல்லாம எனக்கு தூக்கம் வராது.

அந்த பீட்டுல வர்ற தப்பட்டை. ஆடி பண்டிகைக்கு வந்தப்ப நம்ம தெருவுல பூங்கரகம் போறப்ப, நீ அந்த செட்டுக்காரங்க பின்னாடியே ரெக்கார்டர புடிச்சுக்கிட்டு கோட்ட மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்த. அன்னைக்கு ராத்திரி மாடில நீ வேல செஞ்சத நான் படில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஹெட்போன் ஒரு காதுல, இன்னொரு காது வெளில, ஸ்க்ரீன்ல அந்த ஒரு அடிய மட்டும் வெட்டி எடுத்து பேட்ல வச்சு தட்டற, துளி முன்னாடி தள்ற, துளி பின்னாடி இழுக்கற, மறுபடி தட்டற. கடைசில கொஞ்சூண்டு லேட்டா விழற மாதிரி வச்ச, அப்பத்தான் உன் தலை தானா ஆடுச்சு. எனக்கும் ஆடுச்சு. அவ்வளவு ஒழைப்பு உன்னோடது, யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

ஆனா அந்த அடி, அந்த செட்டுல தப்பட்டை அடிச்ச பெரியவர் கையில இருந்து வந்தது. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்கு ட்ரம்ஸ் வாசிச்ச கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் கதை உனக்கு என்னைவிட நல்லா தெரியும், 1970ல வந்த ஒரு பாட்டுல அவரு வாசிச்ச சில செகண்ட எத்தனையோ நூறு பேரு வெட்டி எடுத்து போட்டுக்கிட்டாங்க, அவருக்கு ராயல்டின்னு பெருசா ஒண்ணும் வரல. அவருக்கு புத்துநோய் வந்தப்ப ஆஸ்பத்திரி பில்லு சுமார் 90,000 டாலர பாடகர் பிரின்ஸ்தான் சத்தமில்லாம கட்டுனாரு. 2017ல போயிட்டாரு. ஹெர்க் கதையிலயும் பில்லு, இவர் கதையிலயும் பில்லு. உன் பேருக்காக நீ சண்ட போடறப்ப அந்த தப்பட்டைக்காரங்க பேரும் அதே பேப்பர்ல இருக்கணும், பங்கும் இருக்கணும், தப்பட்டை யாருதுன்னு கேட்டா வெட்டி எடுத்த "சேம்பிள்"னு மட்டும் சொல்லி முடிச்சுரக் கூடாது. நம்ம ஊர்ல தப்பட்டை அடிக்கறவங்கள பந்தில தனியா உக்கார வச்சத நான் கண்ணால பாத்தவன், மைக் செட்டு கட்டப் போன எடத்துல எல்லாம் பாத்திருக்கேன். என் பொண்ணு பாட்டுல அவங்களுக்கு பேரு இல்லாம இருக்கக் கூடாது.

லேபிள்காரங்க முடியாதுன்னு சொன்னா போகட்டும் விடு, இன்னொரு பீட்டு போடுவ, உன் கைல இருக்கற வேல எங்கயும் போயிராது. இந்த மாச வாடகைக்கு இடிச்சா சொல்லு, அம்மாகிட்ட சொல்லி போட்டு விடறேன், கூச்சப்படாத. கிளப்ல வாசிக்கறப்ப காதுக்கு ப்ளக் வச்சுக்கோ, எங்க தொழில்ல பாதிப் பேருக்கு இப்ப காது மந்தம்.

பெரியவர் நம்பர் எங்கிட்ட இருக்கு, கீழ அனுப்பறேன். பகல்ல வேலைக்கு போயிருவாரு, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கூப்புடு. மொதல்ல பாட்ட போட்டுக் காட்டு, அப்புறம் பணம் பேசு.

அப்பா