மினியாபொலிஸிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரன் படிக்கும் பள்ளிக்கு ‘ஜஸ்டிஸ் பேஜ்’ என்று பெயர் இருக்கிறதே, அவர் எந்த ஜட்ஜ் என்று கேட்டிருந்தீர்கள். ஆயுள் முழுவதும் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு சுமந்தவருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்! பூர்வகுடிகளை ஒழித்துக்கட்டச் சொன்ன பழைய ஆளுநர் ஒருவரின் பெயர்தான் முன்பு அந்தப் பள்ளிக்கு இருந்தது. மாணவர்களே முயன்று 2017இல் அதை மாற்ற வைத்தார்கள்.

இங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஓர் உச்ச நீதிமன்றம் உண்டு. ஏழு நீதிபதிகள் கொண்ட எங்கள் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் 1993 முதல் 2015 வரை இருந்த ஆலன் பேஜ், அங்கு அமர்ந்த முதல் கறுப்பினத்தவர். அதற்கு முன் அவர் பெயர்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். வைக்கிங்ஸ் அணிக்காக ஆடி, 1971இல் தேசியக் கால்பந்து லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதைத் தடுப்பாட்டக்காரர்களில் முதல் ஆளாகப் பெற்றவர். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே சட்டம் படித்து 1978இல் பட்டமும் வாங்கிவிட்டார்.

உங்களுக்குப் பிடிக்காத சங்கதி இனிமேல்தான் வருகிறது. இந்த மாநிலத்தில் நீதிபதியும் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இராது. பதவியில் இருப்பவர் பெயருக்குக் கீழே, அவர் இப்போதைய நீதிபதி என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அந்த ஒரு சொல்லே பாதி வெற்றி என்பது என் எண்ணம். 1992இல் பேஜ் போட்டியிட நினைத்தபோது, அந்த இடத்தில் இருந்த நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்துவிட்டார். பேஜ் கோர்ட்டுக்குப் போனார். தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நின்றார், வென்றார். ஓட்டு வாங்கி நீதிபதியாவது எனக்கும் இன்னும் ஒப்பவில்லை என்றாலும், அந்த வழியை அடைத்திருந்தால் இவர் அந்த நாற்காலிக்கு வந்திருப்பாரா என்பது சந்தேகமே.

2009இல் அமெரிக்க செனட் தேர்தல் வழக்கு ஒன்று அந்த நீதிமன்றத்துக்கு வந்தது. மறு எண்ணிக்கையை மேற்பார்வையிட்ட குழுவில் இருந்த காரணத்தால், தலைமை நீதிபதியும் இன்னொருவரும் வழக்கிலிருந்து விலகிக்கொள்ள, பேஜ் தலைமையில் மீதி ஐவர் விசாரித்து, 312 வாக்கு வித்தியாசத்தில் அல் ஃபிராங்கன் வென்றது சரியே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கேட்காமலே ஒதுங்கும் நீதிபதிகளை நீங்கள் மெச்சுவீர்கள் என்று அறிவேன்.

நம் ஹைகோர்ட்டில் ஓய்வு வயது 62, இந்த மாநிலத்தில் 70. அந்த வயது வந்த மாதமே பேஜ் பதவியை விட்டார். 1988இல் மனைவியோடு ஒரு கல்வி அறக்கட்டளையும் தொடங்கினார். உதவித்தொகை பெறும் கல்லூரி மாணவர்கள், பதிலுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்புக்குத் துணையாக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்