வெள்ளை பிக்கப் ட்ரக்கில் வந்த ஐயாவுக்கு

சனிக்கிழமை மதியம், கனடாவின் ரெஜைனா நகருக்குத் தெற்கே, மைனஸ் 28 டிகிரியில் என் காருக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினீர்களே, உங்களுக்குத்தான் இந்த நன்றி.

மின்கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது ஜிர்ஃபால்கன். ஆர்க்டிக்கில் கூடு கட்டும், உலகிலேயே பெரிய பைரி (ஃபால்கன்) இனம். குளிர்காலத்தில் எப்போதாவதுதான் இந்த சஸ்காட்செவன் புல்வெளியில் கண்ணில் படும். பார்த்ததைப் பதிவு செய்யப் படம் வேண்டும். என் கேமரா பேட்டரியோ குளிரில் படுத்துவிட்டது.

நான் எதுவும் கேட்கவில்லை. சத்தத்தில் பறவை பறந்துவிடுமே என்று நீங்கள் வண்டிக் கதவைக்கூடச் சாத்தவில்லை. பேட்டரியை வாங்கி, உங்கள் கையுறைக்குள் சூட்டுப் பொட்டலத்தோடு பொத்தி வைத்துக்கொண்டீர்கள். பத்து நிமிடம், காற்று என் மேல் படாதபடி மறைத்து நின்றீர்கள். அப்புறம் சூடாகத் திருப்பித் தந்தீர்கள்.

கேமரா உயிர்பெற்றதும் பறவை இறக்கையை விரித்தது. நான்கு படம் கிடைத்தது. இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய ப்ரெய்ரி ஃபால்கன் என்ற இன்னொரு பைரிக்கு அக்குளில் இருக்கும் கறுப்புத் திட்டு இதற்கு இல்லை. அடையாளம் உறுதி!

சந்தோஷத்தில் உங்கள் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டேன், ஐயா. ஒரு படத்தை அச்சடித்து காரில் வைத்திருக்கிறேன், உங்களுக்காக.