கார்த் திரையை மாற்றச் சொல்லும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“போனைச் செருகினால் மேப் திரையில் வருகிறது, ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது, திரையையே மாற்றிவிடுங்கள்” என்று கேட்டு எங்கள் பணிமனைக்கு வருவோர் இப்போது மிகுதி. மாற்றிக் கொடுத்தால் எங்களுக்கு வருமானம்தான். ஆனாலும் தேவையற்ற செலவை உங்கள் தலையில் கட்ட மனம் வராததால் இதை எழுதுகிறோம்.

போனைக் கார்த் திரையோடு இணைக்கும் வசதிகளான ஆப்பிள் கார்ப்ளே 2014-இலும், ஆண்ட்ராய்டு ஆட்டோ மறு ஆண்டும் வந்தபின், திரையின் வேலையில் பெரும்பகுதி போனுக்குப் போய்விட்டது. மேப்பை வரைவதும் பாட்டைத் தேடுவதும் போன்தான். அது அனுப்பும் படத்தைக் காட்டி, நீங்கள் விரல் வைத்த இடத்தைப் போனுக்குத் தெரிவிப்பதே திரையின் பணி. ஆகவே மேப் அசையாமல் நின்றால் கோபம் திரைமேல் வந்தாலும், நாங்கள் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் போனிலோ, கேபிளிலோதான் இருக்கிறது.

அண்மையில் ஓர் அம்மா, மகனைத் தேர்வுக்கு அழைத்துச் சென்ற காலையில் நாற்சந்தியில் மேப் மறைந்து வழி தவறிய வேதனையோடு வந்தார். போனை அணைத்துவிட்டு, அதன் சார்ஜ் துளையை மெல்லிய மரக்குச்சியால் பதமாகச் சுரண்டியபோது, கைப்பையின் பஞ்சு நாள்பட இறுகி, தீக்குச்சித் தலையளவு உருண்டையாக வெளியே வந்தது. அதன்பின் கேபிள் ‘டக்’கென்று அடிவரை இறங்கியது. திரையில் நாங்கள் கைவைக்கவே இல்லை.

“சார்ஜ் ஏறுகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது?” என்று பலர் கேட்கிறீர்கள். மின்சாரத்துக்கும் தகவலுக்கும் கேபிளுக்குள் தனித்தனிக் கம்பிகள் உண்டு. சார்ஜுக்கென்றே விற்கும் சில கேபிள்களில் தகவல் கம்பியே கிடையாது. மேலும், வண்டி குலுங்கும்போது நொடிப்பொழுது தொடர்பு விட்டால் சார்ஜுக்கு அது தெரியாது, ஆனால் தகவல் அறுந்து இணைப்பு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கம்பியில்லா இணைப்பிலோ, போனையும் திரையையும் ப்ளூடூத் அறிமுகம் செய்துவைக்க, படத்தைச் சுமப்பது வைஃபை. வெயிலில் போனைக் கண்ணாடியோரம் மாட்டி, அங்கேயே சார்ஜும் ஏற்றினால் அது சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேப் திக்குவது அதனால்தான்.

இனி, எங்களால் தீர்க்க முடியாததையும் சொல்லிவிடுகிறோம். காரோடு வந்த திரையின் சிப், வண்டி விற்பனைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டது. நீங்கள் மூன்று போன் மாற்றும் காலம்வரை அதே சிப்தான் உழைக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் 3ஜி என்ற பழைய செல்பேசிச் சேவை நிறுத்தப்பட்டபோது, அதை நம்பி நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பல கார்கள் தங்கள் இணையச் சேவைகளை இழந்தன. இது வாங்கியவரின் குற்றமே அன்று, ஆனால் இழப்பு அவருக்குத்தான் என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஏசி, ரிவர்ஸ் கேமரா போன்றவை திரைக்குள்ளேயே அடங்கிய வண்டிகளில், அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தும் வேலையை நாங்கள் ஏற்பதில்லை. அத்தகைய வண்டிகளுக்குத் தயாரிப்பாளர் தரும் அப்டேட்டைச் செய்து தருகிறோம். அது பாதியில் நின்றால் திரை உயிரிழக்கலாம் என்பதால், வண்டியை அவசரமின்றி விட்டுச்செல்லுங்கள்.

வரும்போது வழக்கமாகப் பயன்படுத்தும் போனையும் கேபிளையும் மறவாமல் எடுத்து வாருங்கள். வண்டியை விற்கப் போகிறவர்கள், திரையில் பதிந்துள்ள தொலைபேசி எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துத் தருமாறு எங்களிடம் கேட்கலாம்.

இப்படிக்கு,
பணிமனையினர்