கல்லூரி விளையாட்டு: மாணவியர் அணிப் பட்டியலைத் திருத்தி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்வியாண்டு தொடங்கியதும் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பக்கத் தாள் ஒன்று தயாராகும். இந்த ஆண்டு எந்தெந்த விளையாட்டுக்கு ஆண்கள் அணி, எந்தெந்த விளையாட்டுக்குப் பெண்கள் அணி என்ற பட்டியல் அது. உடற்கல்வி இயக்குநர் எழுதி, முதல்வர் கையெழுத்துப் போட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போகும். யாருக்குப் பந்து வாங்குவது, யாருக்குப் பயணப்படி கொடுப்பது, மைதானம் யாருக்கு எந்த நேரத்தில் என்பதெல்லாம் ஆண்டு முழுவதும் அந்தத் தாளை வைத்துத்தான் நடக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் பலவற்றில் மாணவியர் பங்கு அதில் பெயரளவுக்கே எழுதப்படுகிறது. அதைச் சரிசெய்யப் பெரிய நிதி தேவையில்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

"ஆண்களுக்கு ஐந்து அணி, பெண்களுக்கும் ஐந்து அணி, சமமாகத்தானே கொடுத்திருக்கிறோம்" என்பது வழக்கமான பதில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்களுக்குக் கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி, கபடி, வாலிபால். பெண்களுக்குக் கபடி, வாலிபால், ஷட்டில், டேபிள் டென்னிஸ், செஸ். கிரிக்கெட்டுக்கு 16 பேர், கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் 18 பேர் வீதம், கபடிக்கும் வாலிபாலுக்கும் 12 பேர் வீதம் என்று கொண்டால் ஆண்களில் 76 பேருக்கு இடம் கிடைக்கிறது. பெண்கள் பக்கம் கபடியும் வாலிபாலும் சேர்ந்து 24. மற்ற மூன்றும் ஐந்து பேர் வீதம் 15. மொத்தம் 39. அணிகள் சமம், ஆடுகிறவர்களோ ஏறத்தாழப் பாதி.

அந்த 39-உம் நிஜமல்ல. கபடியில் பெயர் உள்ள மாணவியே வாலிபாலிலும் இருப்பார், கோகோவிலும் இருப்பார், ஓட்டப் போட்டிக்கும் அவரையே அழைப்பார்கள். ஓடத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து நான்கு அணி காட்டுவது எளிது. நடத்துவதுதான் கடினம். இரண்டு போட்டி ஒரே வாரத்தில் வந்தால் ஒன்றில் ஆடாமலே எதிரணிக்கு வெற்றியை விட்டு வாக் ஓவர் கொடுக்க வேண்டும். ஒரே மாணவிக்கு முழங்கால் பிசகினால் நான்கு அணியும் ஆட்டம் காணும். வாலிபாலில் களத்தில் ஆறு பேர் இல்லாவிட்டால் ஆட்டமே எதிரணிக்குப் போய்விடும். ஏழு பேரோடு பஸ் ஏறும் அணி எந்த நம்பிக்கையில் போகிறது?

இந்தக் கணக்கைச் சட்டமாகவே பார்த்த நாடு அமெரிக்கா. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு கூடாது என்று 1972-இல் அங்கே சட்டம் வந்தது. விளையாட்டில் அதை எப்படி அளப்பது என்று 1979-இல் வழிகாட்டுதல் தந்தார்கள். மூன்று வழிகளில் ஒன்றைக் கல்லூரி நிறைவேற்றினால் போதும். மாணவர் சேர்க்கையில் பெண்கள் எத்தனை பங்கோ, விளையாடுகிறவர்களிலும் ஏறத்தாழ அத்தனை பங்கு இருக்க வேண்டும். அல்லது, குறைவாக உள்ள பாலினருக்கு வாய்ப்பைத் தொடர்ந்து கூட்டி வந்திருக்க வேண்டும். அல்லது, அவர்களின் ஆர்வமும் திறனும் முழுமையாக நிறைவேறியிருக்க வேண்டும். இதில் எதுவும் அணிகளின் எண்ணிக்கையைச் சமமாக்கச் சொல்லவில்லை. அந்த நாட்டுக் கால்பந்து (நாம் ஆடுவது அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) அணி ஒன்றே நூறு ஆண்களை விழுங்கிவிடும். அதனால்தான் அங்கே பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பெண்கள் அணிகள் கூடுதலாக இருக்கின்றன. கால்பந்தில் முதல் வரிசையில் உள்ள பல்கலைக்கழகங்கள் குறைந்தது 16 அணி வைத்திருக்க வேண்டும், அதில் பெண்களுக்கு எட்டு இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி.

"பெண்களுக்கு ஆர்வம் இல்லை, நாங்கள் என்ன செய்ய?" என்ற வாதமும் அங்கே நீதிமன்றம் ஏறியது. 1991-இல் பிரவுன் பல்கலைக்கழகம் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், வாலிபால் அணிகளுக்குத் தந்துவந்த நிதியை நிறுத்தியது. வேறு இரண்டு ஆண்கள் அணிகளுக்கும் நிறுத்தினோம், ஆகவே சமம்தான் என்றது. மாணவியர் வழக்குப் போட்டார்கள். பெண்களுக்கு ஆர்வம் குறைவு என்ற பல்கலைக்கழகத்தின் வாதத்தை 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வாய்ப்பே இல்லாத இடத்தில் ஆர்வத்தை எப்படி அளப்பது என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் மேலே கதவு திறந்துதான் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பல விளையாட்டுகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே தென்மண்டலப் போட்டியும் அகில இந்தியப் போட்டியும் நடத்துகிறது. 2020 முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் வந்துவிட்டன. தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி அணியே இல்லாத மாணவி இந்தப் படிகளில் முதல் படியைக்கூட மிதிக்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளையாட்டுக் கட்டணத்தை மாணவி, மாணவன் என்று பார்த்து வசூலிப்பதில்லை. மாணவியரே அதிகம் படிக்கும் கல்லூரியில், அவர்கள் கட்டிய பணத்தில் பெரும்பகுதி கிரிக்கெட் பந்துக்கும் மேட் விரிப்புக்கும் போவது எந்த வகையிலும் நியாயமாகாது.

எந்த விளையாட்டுக்குப் பெண்கள் அணி வைப்பது என்பதைச் சேர்க்கை நாளிலேயே முடிவு செய்யலாம். சேர்க்கைப் படிவத்தோடு அரைப் பக்கத் தாள் ஒன்று போதும். பள்ளியில் எந்த விளையாட்டு, எந்த இடத்தில் நின்று ஆடினார், குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் ஆகியவற்றில் எதுவரை போனார், வீட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளில் ஆடிய சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்கள் பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் நிறையவே இருக்கிறார்கள். யாரும் கேட்காததால் அவர்கள் சொல்வதில்லை. அறிவிப்புப் பலகையில் "விருப்பமுள்ளோர் வரலாம்" என்று எழுதிவைத்தால் முதலாண்டு மாணவி தனியாக மைதானத்துக்கு வந்து நிற்கமாட்டார். வகுப்புக்கே போய்க் கேட்க வேண்டும்.

நம் பக்கத்துப் பள்ளிகளில் பெண்கள் ஆடிப் பழகுவது கபடி, கோகோ, வாலிபால், த்ரோபால், பால் பேட்மிண்டன். இவற்றில் அணி வைத்தால் ஆள் கிடைக்கும், தலைக்கணக்கும் கூடும். த்ரோபால் ஆடியவரை வாலிபாலுக்கு மாற்றுவது நல்ல யோசனைதான். ஆனால் பந்தைப் பிடித்துப் பழகிய கை அது, வாலிபாலில் பிடித்தால் ஃபவுல். முதல் மாதம் முழுக்கச் சுவரில் அடித்து அண்டர்ஹேண்ட் பாஸ் பழகவிட்ட பிறகே வலைக்கு அருகில் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு முதல் வாரமே ஆட்டத்தில் இறக்கினால் வரிசையாக ஃபவுல் கொடுத்து மனம் உடைந்து போய்விடுவார்.

அடுத்தது களம். பட்டியலில் பெண்கள் அணி இருக்கும், ஆனால் ஆண்களுக்குப் போட்ட களத்திலேயே அவர்களைப் பழகவிடுவார்கள். வாலிபால் வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். இடையில் 19 சென்டிமீட்டர். கம்பத்தில் ஒரே ஒரு கொக்கி இருந்தால் பெண்கள் 2.43-க்கு மேல் எம்பி அடிக்க முயல்வார்கள். பந்தை மேல்நோக்கித் தள்ளும் பழக்கம் வந்துவிடும், போட்டியில் ஸ்மாஷ் எல்லாம் கோட்டுக்கு வெளியே விழும். கயிற்றைத் தளர்த்திச் சமாளிப்பதும் உண்டு. அப்போது நடுவில் தொய்ந்து முனைகள் உயர்ந்து நிற்கும். கம்பத்தில் கீழே இரண்டாவது கொக்கி வெல்டிங் செய்ய அரை நாள் வேலை. அளக்கும்போது வலையின் நடுவில் அளவுகோலை நிறுத்துங்கள். பக்கக் கோடுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே உயரமாக, நடுவைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடாமல் இருக்க வேண்டும்.

கபடியில் இது இன்னும் எளிது. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்கள் களம் 12-க்கு 8. ஒரே நடுக்கோட்டை வைத்து இரண்டையும் ஒரே இடத்தில் போடலாம். ஆண்களின் லாபி கோடே (பக்கவாட்டு ஓரப் பட்டையைப் பிரிக்கும் கோடு) பெண்களுக்கு எல்லைக்கோடாகிவிடும், நீளத்தில் இரு முனையிலும் அரை மீட்டர் உள்ளே வந்தால் போதும். பாடி வருபவர் தாண்ட வேண்டிய பாக் கோடு நடுக்கோட்டிலிருந்து ஆண்களுக்கு 3.75 மீட்டர், பெண்களுக்கு 3 மீட்டர். அங்கிருந்து 1 மீட்டரில் போனஸ் கோடு. பெண்கள் கோட்டுக்குச் சுண்ணாம்போடு காவி கலந்துகொண்டால் குழப்பம் வராது. இதைச் செய்யாமல் பெரிய களத்திலேயே பழகிய கார்னர் ஆட்டக்காரர், 8 மீட்டர் களத்தில் வழக்கம்போல ஓர் அடி பின்வாங்கியதும் வெளியே போய் அவுட்டாகிறார். எடைக்கும் வரம்பு உண்டு, பெண்களுக்கு 75 கிலோ. போட்டிக்குப் போகும் காலையில்தான் எடை பார்ப்பது என்று வைத்துக்கொள்ளக் கூடாது. நம் செம்மண் தரை கோடையில் கல்லாக இறுகிவிடும். முந்தின மாலை தண்ணீர் தெளித்துக் கொத்தி, எருவும் மரத்தூளும் கலந்து சமன் செய்தால்தான் முட்டி தப்பும். மேட் விரிப்பில் நடக்கும் போட்டி என்று தெரிந்தால் ஒரு வாரமாவது ஷூ போட்டுப் பழகட்டும். வெறுங்காலில் ஆடியவருக்கு மேட் விரிப்பில் திரும்பும்போது கால் பிடித்துக்கொள்ளும்.

பந்து வாங்கும்போதும் கவனம் தேவை. பெண்களுக்குக் கூடைப்பந்து 6-ஆம் அளவு, ஆண்களுக்கு 7. ஹேண்ட்பாலில் பெண்களுக்கு 2-ஆம் அளவு, ஆண்களுக்கு 3. குண்டு எறிதலில் 4 கிலோ, ஆண்களுக்கு 7.26 கிலோ. ஒரே அளவு வாங்கிப் பொதுவாக வைத்துக்கொள்வோம் என்றால் கையும் தோளும் கெட்டுப்போகும்.

நேரமும் பயணமும்தான் அணியைக் கலைக்கும் பெரிய காரணங்கள். மாலை ஐந்து மணிக்குமேல் பயிற்சி என்றால் அஞ்செட்டி, பென்னாகரம், அரூர் மலையோரத்து ஊர்களிலிருந்து வரும் பெண்கள் யாரும் நிற்கமாட்டார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லைதான், ஆனால் அந்தப் பேருந்து ஊருக்குப் போகும் கடைசி நடை ஏழு மணிக்குள் முடிந்துவிடுகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 75 நிமிடம், கால அட்டவணைக்குள்ளேயே கொடுங்கள். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, முதலுதவிப் பெட்டியில் நாப்கின் ஆகிய மூன்றும் இல்லாத மைதானத்துக்குப் பெண்கள் தொடர்ந்து வருவார்கள் என்று எதிர்பார்ப்பது தவறு. வெளியூர் போகும்போது உடன்வரப் பெண் பேராசிரியர் ஒருவரை ஜூலையிலேயே மேலாளராக நியமித்துவிடுங்கள். முந்தின நாள் ஆள் தேடி, கிடைக்காமல், போட்டியையே கைவிடும் வழக்கம் அப்போதுதான் நிற்கும்.

12 பேர் அணிக்கு ஜூலையில் குறைந்தது 20 பேர் வேண்டும். தேர்வு, வேலை, வீட்டில் அனுப்ப மறுப்பது, இரண்டாம் ஆண்டிலேயே முடித்துவிடும் திருமணம் என்று ஆள் கழிந்துகொண்டே போகும். மூன்றாம் ஆண்டு மாணவியரை மட்டும் வைத்துக் கட்டிய அணி அடுத்த ஜூனில் காணாமல் போகும். முதலாண்டில் எட்டுப் பேராவது இருக்க வேண்டும், அணித்தலைவர் இரண்டாம் ஆண்டில் இருப்பது நல்லது. திருமணத்தைத் தள்ளிப்போடும்படி பெற்றோரிடம் பேசுவதற்கு அணியில் இருப்பது மாணவிக்கு ஒரு காரணமாகவும் உதவுகிறது. குழந்தைத் திருமணம் இன்னும் முழுதாக ஒழியாத இந்த இரு மாவட்டங்களில் இது சின்ன விஷயமல்ல.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லையில் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்கள் உள்ளன. ஓசூரிலிருந்து சேலம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். தேன்கனிக்கோட்டையிலிருந்து காலை எட்டு மணிக்குச் சேலத்தில் ஆஜராக வேண்டுமென்றால் விடியும் முன்னே கிளம்ப வேண்டும், அல்லது முந்தின இரவு தங்க வேண்டும். இரண்டுக்கும் வீட்டில் அனுமதி கிடைப்பது அரிது. ஆகவே பெண்கள் பிரிவின் மண்டல ஆட்டங்களைத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாறிமாறி நடத்தவும், தேதிகளை இரண்டு மாதம் முன்பே அறிவிக்கவும், கபடியும் வாலிபாலும் ஒரே வாரத்தில் வராமல் பார்த்துக்கொள்ளவும் பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

கல்லூரிகள் அனுப்பும் பட்டியலில் அணியின் பெயருக்கு எதிரே இரண்டு கட்டம் சேர்த்தால் நல்லது. ஜூலையில் பெயர் கொடுத்தவர் எத்தனை, கடைசி ஆட்டத்தில் களம் இறங்கியவர் எத்தனை. தாளின் அடியில் இன்னொரு வரி: எத்தனை அணியில் இருந்தாலும் ஒருவரை ஒருமுறை மட்டுமே எண்ணி, மொத்த மாணவியரில் விளையாடுகிறவர் எத்தனை பேர், மாணவர்களில் எத்தனை பேர். வரும் ஜூலைப் பட்டியலிலேயே இதைத் தொடங்கலாம். சுற்றறிக்கை ஒன்று போதும்.

இப்படிக்கு,
கல்லூரி உடற்கல்விப் பணியில் உள்ளோர் சிலர்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.