பாழடைந்த வீடுகளின் அபராதத்தை யாருக்குக் குறைப்பது? நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் நகர மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வங்கிக் கடனில் மூழ்கி, ஆளில்லாமல் பாழாய்க் கிடந்த வீடுகளின் மீது ஏறி நிற்கும் விதிமீறல் அபராதங்களைக் குறைக்கலாமா என்று மன்றம் ஆலோசிக்கவிருக்கும் இவ்வேளையில், மத்திய புளோரிடாவில் சொந்த வீட்டில் குடியிருந்து சொத்துவரி செலுத்திவரும் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இம்மடலின் ஆங்கில வடிவத்தை மன்றச் செயலரிடம் சேர்ப்பித்துவிட்டேன். ஏலத்துக்கு வரும் வீடுகளை மலிவென்று நம்பி வாங்கத் துணியும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் பெருகிவருவதால், அவர்களும் விவரம் அறியட்டும் என்று தமிழிலும் வெளியிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அபராதத்தைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் விண்ணப்பித்தவருக்கெல்லாம் ஒரே அளவில் குறைக்கக் கூடாது. பாழான வீட்டை வாங்கிச் சீராக்கி அதில் குடியேறுபவருக்குத் தாராளமாகக் குறையுங்கள். பத்திரம் தன் பெயருக்கு வந்த பிறகும் வீட்டைத் திரும்பிப் பாராமல் வைத்திருந்த வங்கிக்கு ஒரு டாலரும் குறைக்காதீர்கள்.

அபராதம் எப்படி இவ்வளவு பெருகுகிறது என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. புளோரிடா சட்டத் தொகுப்பின் 162ஆம் அத்தியாயம், முதல் முறை மீறலுக்கு நாளொன்றுக்கு 250 டாலர் வரையிலும், மீண்டும் அதே மீறல் நேர்ந்தால் 500 டாலர் வரையிலும் விதிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தருகிறது. மக்கள்தொகை 50,000 அல்லது அதற்கு மேல் உள்ள ஊர்கள் தனியே துணைவிதி இயற்றி இந்த வரம்புகளை 1,000 டாலராகவும் 5,000 டாலராகவும் உயர்த்திக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 250 டாலர் என்பது ஓராண்டில் 91,250 டாலர். இரண்டாண்டில் 1,82,500 டாலர். வெட்டப்படாத புல்லையும், சாய்ந்த வேலியையும், பாசி படர்ந்த நீச்சல்குளத்தையும் சரிசெய்ய ஆகும் செலவு இதில் மிகச் சிறிய பங்குதான். அபராத உத்தரவின் சான்றிட்ட நகல் கவுண்டி ஆவணங்களில் பதிவானதும் அந்த நிலத்தின் மீது மட்டுமன்றி, மீறியவராகக் கருதப்படுபவரின் பிற சொத்துகளின் மீதும் வில்லங்கம் ஏறிவிடுகிறது. அந்த வில்லங்கத்துக்கு 20 ஆண்டு ஆயுள் உண்டு. இவை போதாதென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது: பல ஊர்களில், குறையைச் சரிசெய்த நாளோடு கணக்கு நிற்பதில்லை, ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து, சரியாகிவிட்டது என்று எழுதித்தரும் நாளில்தான் நிற்கிறது. ஆய்வாளரைத் தாமே அழைக்க வேண்டும் என்பது தெரியாத ஒருவருக்கு, புல்லை வெட்டி முடித்த பிறகும் மாதக்கணக்கில் அபராதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

சட்டத்தின் கண்ணில் மீறியவராக நிற்பவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. அடமானம் வைத்த வீட்டை மீட்க முடியாதபோது, இந்த மாநிலத்தில் வங்கி நீதிமன்றத்தின் வழியாகத்தான் அதைக் கைப்பற்ற முடியும். வழக்கின் நோட்டீஸ் கையில் கிடைத்ததுமே, வீடு போய்விட்டது என்று எண்ணிப் பல குடும்பங்கள் சாவியை வைத்துவிட்டு வெளியேறிவிடுகின்றன. ஆனால் தீர்ப்பு வந்து, ஏலம் நடந்து, பத்திரம் மாறும் வரை வீடு அவர்களுடையதாகவே இருப்பதால், குடியிருப்பவர் எவருமில்லாத அந்தக் காலம் முழுவதும் அபராதம் அவர்களின் பெயரில்தான் ஏறுகிறது. 2010ஆம் ஆண்டில், வங்கிப் பணியாளர்கள் படித்துக்கூடப் பாராமல் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரங்கள் நீதிமன்றங்களில் குவிந்திருந்தது அம்பலமானபோது, புளோரிடாவில் இவ்வழக்குகள் மேலும் தேங்கின. 49 மாநிலங்கள் ஐந்து பெரிய வங்கிகளோடு 2012இல் 25 பில்லியன் டாலர் உடன்பாட்டுக்கு வந்த பிறகும் தேக்கம் உடனே கரைந்துவிடவில்லை. தேக்கம் எல்லாமே நீதிமன்றத்தால் வந்ததும் அன்று. பத்திரம் தன் பெயருக்கு வந்தால் சொத்துவரி, குடியிருப்போர் சங்கக் கட்டணம், பராமரிப்பு என எல்லாம் தன் தலையில் விழும் என்பதால், ஏலத் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வங்கிகளும் உண்டு. ஊரைவிட்டே போன ஒரு குடும்பத்துக்கு, ஆண்டுகள் கழித்து வேறொரு சிறு வீட்டை வாங்க முனையும்போதுதான் பழைய வீட்டின் வில்லங்கம் தெரியவருகிறது. புல்லை வளரவிட்டது அவர்களா, ஏலத்தைத் தள்ளிப்போட்டவர்களா என்று எவரும் அப்போது கேட்பதில்லை.

‘இவ்வளவு பெரிய தொகையை நகரம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?’ என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அந்தத் தொகையில் பெரும்பகுதி ஒருபோதும் கைக்கு வரப்போவதில்லை என்பதே என் பதில். தன் அபராத வில்லங்கத்துக்கு, முன்பே பதிவான அடமானத்தையும் மீறிய முன்னுரிமை உண்டு என்று பாம் பே நகரம் துணைவிதி இயற்றியிருந்தது. வெல்ஸ் ஃபார்கோ வங்கியுடனான வழக்கில் அது மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று புளோரிடா உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அடமானம் முன்னே நிற்க, நகரத்தின் வில்லங்கம் பின்னேதான் நிற்கும். வங்கியின் ஏலத்தில் அது பெரும்பாலும் அழிந்தும் போகும். லாடர்டேல் பை தி சீ என்ற கடற்கரை ஊர் தொடர்பான வழக்கில், அடமானத் தீர்ப்புக்கும் ஏலத்துக்கும் இடையே கழிந்த ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் பதிவான வில்லங்கங்கள் செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் சொன்னபோது நகரங்களுக்குச் சற்று நம்பிக்கை பிறந்தது. ஆனால் சட்டமன்றம் 2019இல் சட்டத்தைத் திருத்தி அந்த வழியையும் அடைத்துவிட்டது. ஆக, உங்கள் கணக்கேட்டில் ‘வரவேண்டியவை’ என்று நிற்கும் பெருந்தொகையில் பெரும்பகுதியை நம்பி எந்தச் செலவையும் திட்டமிட முடியாது.

அப்படியானால் அபராதம் உண்மையில் யாரிடம் வசூலாகிறது? ஏலத்தில் தப்பிய பழைய வில்லங்கமோ, பத்திரம் மாறிய பிறகு புதிதாக ஓடத்தொடங்கிய கணக்கோ, கடைசியில் அந்த வீட்டை உள்ளது உள்ளபடியே வாங்கும் குடும்பத்தின் மீதுதான் விழுகிறது. மீறலைப் பற்றிய உத்தரவு பதிவாகியிருந்தால் அது அடுத்தடுத்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்று அதே 162ஆம் அத்தியாயம் கூறுகிறது. வாங்குபவர் கடன் கேட்டுப் போனால், வில்லங்கம் தீராமல், சொத்தின் உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்பீடு செய்யும் டைட்டில் நிறுவனம் காப்பீடு தராது. காப்பீடு இல்லாமல் வங்கி கடன் தராது. எனவே, ரொக்கமாக வாங்கிச் சில மாதம் வைத்திருந்து கைமாற்றும் முதலீட்டாளர்கள் மட்டுமே அந்த வீடுகளை நெருங்க முடிகிறது. வழக்கறிஞரை வைத்துக் குறைப்பு மனுவைத் திறமையாக நடத்தவும் அவர்களுக்குத் தெரியும். வாடகையில் இருந்துகொண்டு, கூரையையும் குழாய்களையும் தாமே பழுதுபார்த்துக் குடியேற நினைக்கும் குடும்பம், கணக்கைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறது. எங்கள் தெருவில் அப்படி இரண்டு குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதை நானறிவேன். அந்த வீடு பிறகும் நெடுநாள் காலியாகவே கிடந்தது.

காலியாகக் கிடப்பதன் கேடு, வேலிக்கு இப்பால் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் பச்சையாகிப்போன நீச்சல்குளம் கொசுப்பண்ணையாக மாறுவது வெறும் அண்டைவீட்டுப் புலம்பல் அன்று. கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் 2007ஆம் ஆண்டு, கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் காய்ச்சல் 276 விழுக்காடு பெருகியதை, அடமானக் கடன் நெருக்கடியால் கைவிடப்பட்ட நீச்சல்குளங்களோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தினார்கள். அக்கம்பக்கத்தாருக்கு வேண்டியது அந்தக் குளம் சுத்தமாவதே; கணக்கேட்டில் ஒரு பெரிய எண் ஏறுவது அன்று.

அபராதத்தைக் குறைத்தால் விதிகளுக்கு மரியாதை போய்விடும், குறைப்பு வரும் என்று தெரிந்தே வங்கிகள் காத்திருக்கும் என்ற அச்சம் விதி அமலாக்க அலுவலர்களுக்கு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. தேதி குறித்து எல்லாருக்கும் ஒரே விழுக்காட்டில் தள்ளுபடி அறிவிக்கும் பொது மன்னிப்புத் திட்டங்களை நான் ஆதரிக்காததற்கும் அதுவே காரணம். காத்திருக்கப் பொருள்வளம் உள்ளவருக்கே அவை அதிகம் பயன்படுகின்றன. அதே வேளை, குறைப்பே இல்லாத கண்டிப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் நம் மாநிலத்திலேயே பார்த்தோம். டனீடன் நகரில், காலமான தாயின் உடைமைகளை ஒழுங்குசெய்ய வெளிமாநிலம் போயிருந்த ஒருவரின் வீட்டில் 2018இல் புல் வளர்ந்துவிட, நாளொன்றுக்கு 500 டாலர் வீதம் ஏறத்தாழ 30,000 டாலர் அபராதம் ஏறி, வீட்டையே கைப்பற்ற நகரம் முடிவெடுத்தது. லாண்டானாவில் ஒரு பெண், தன் வீட்டு முற்றத்திலேயே காரின் சக்கரம் புல்லில் படும்படி நிறுத்தியதற்காக மட்டும் நாளொன்றுக்கு 250 டாலர் வீதம் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கட்டும்படி ஆனது. இவை வங்கி கைப்பற்றிய வீடுகள் அல்ல என்பதை அறிவேன். ஆனால் நாட்கணக்கில் பெருகும் அபராதத்துக்கு ஏழை, பணக்காரர், குடியிருப்பவர், கைவிட்டவர் என்ற வேறுபாடு தெரியாது. அந்த வேறுபாட்டைக் காண வேண்டியவர்கள் நீங்கள்தான். அளவுமீறிய அபராதத்துக்கு எதிராக அரசியலமைப்பு தரும் பாதுகாப்பு மாநிலங்களையும் உள்ளாட்சிகளையும் கட்டுப்படுத்தும் என்று இந்தியானா தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததை உங்கள் வழக்கறிஞரும் அறிவார்.

வங்கிகளின் மீது கண்டிப்பாக இருக்க வேண்டிய இடத்தில் அப்படி இருந்த அரசுகள் இருக்கின்றன. கைப்பற்றிய காலி வீட்டைப் பராமரிக்காத உரிமையாளருக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை விதிக்கக் கலிஃபோர்னியா 2008இல் வழி செய்தது. முதலில் அறிவிப்பு தந்து, திருத்திக்கொள்ள அவகாசமும் தந்த பிறகே அபராதம் என்றும் வரையறுத்தது. நியூயார்க் ஒரு படி மேலே போய், பத்திரம் கைமாறுவதற்கு முன்பே, கைவிடப்பட்ட வீட்டைச் சோதித்துப் பராமரிக்கும் கடமையைக் கடன் கொடுத்தவர் மீது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் சுமத்தியது. தவறினால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை. ஏலத்தை இழுத்தடிப்பதால் கிடைக்கும் ஆதாயத்தை இது பெருமளவு போக்கிவிடுகிறது. நம் மாநிலத்தில் இத்தகைய கடமை சட்டமாகும் வரை, உங்கள் கையிலிருக்கும் முக்கியமான கருவி, குறைப்பை யாருக்குத் தருவது, யாருக்கு மறுப்பது என்ற முடிவுதான். அபராதத்தைக் குறைக்க, அதை விதிக்கும் அமலாக்க வாரியத்துக்கும், பதிவான வில்லங்கத்தை விடுவிக்க நகர மன்றத்துக்கும் 162ஆம் அத்தியாயம் வெளிப்படையாகவே அதிகாரம் தந்திருக்கிறது.

எனவே மன்றத்திடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். நகரம் தன் கைக்காசைச் செலவிட்டுப் புல் வெட்டியதற்கும், சன்னல்களுக்குப் பலகை அடித்ததற்கும், இடித்ததற்கும் ஆன தொகையை எவருக்கும் தள்ளுபடி செய்ய வேண்டாம். அது வரி கட்டுபவர்களின் பணம். அதற்கு மேற்பட்ட தண்டத்தொகையைப் பொறுத்தவரை, வாங்கியவர் தாமே குடியிருக்கப்போவதாக உறுதியளித்து, குறிப்பிட்ட காலத்துக்குள், எடுத்துக்காட்டாக 90 நாட்களுக்குள், எல்லா மீறல்களையும் சரிசெய்து ஆய்வில் தேறினால், மிகச் சிறு பங்கை மட்டும் பெற்றுக்கொண்டு வில்லங்கத்தை விடுவிக்கத் துணைவிதியிலேயே எழுதிவையுங்கள். வாங்குவதற்கு முன்பே அத்தொகை எவ்வளவு என்று எழுத்தில் தெரிவிக்கும் ஏற்பாடும் வேண்டும். அந்தத் தாள் கையிலிருந்தால்தான் கடன் தரும் வங்கியும் டைட்டில் நிறுவனமும் அசையும். சீர்செய்யும் அந்தக் காலத்தில் அன்றாட அபராதம் ஓடாமல் நிறுத்திவையுங்கள். கட்டட அனுமதிச்சீட்டு தருவதில் நகரமே தாமதித்தால், அந்த நாட்களை அவருடைய கணக்கில் சேர்க்காதீர்கள்.

வழக்குக் காலத்தில் வீட்டைவிட்டு வெளியேறிய பழைய உரிமையாளரின் பெயரில் நிற்கும் வில்லங்கத்தை, அவருடைய பிற சொத்துகளிலிருந்தாவது விடுவியுங்கள். விற்று லாபம் பார்க்க வாங்குபவருக்குக் குறைப்பு அறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் சீராக்கினாலும் தெருவுக்கு நன்மைதான். ஆனால் குடியேறுபவருக்குத் தரும் அளவு அவருக்கு வேண்டாம். பத்திரம் வங்கியின் பெயரில் இருந்த நாட்களுக்கான அபராதத்தைப் பொறுத்தவரை, விற்பனைக்கு முன்பு வங்கியே அதை முழுமையாகச் செலுத்த வேண்டும். வாங்குபவரின் தலையில் கட்டிவிட்டுப் போகும் ஒப்பந்த வாசகத்தை ஏற்றுக்கொண்டு பிறகு குறைப்பு கேட்டு வரும் மனுக்களை, அந்நாட்களைப் பொறுத்தவரை, மன்றம் நிராகரிக்கட்டும். இது ஏட்டளவில் கடுமையாகத் தோன்றினாலும், அப்படியொரு விதி இருப்பது தெரிந்தால், வீட்டை விற்பனைக்கு விடும் முன்பே ஆளனுப்பிப் புல் வெட்டுவதும் குளத்தை இறைப்பதும் வங்கிக்கு ஆதாயமாகிவிடும்.

கடைசியாக, ஒவ்வொரு குறைப்பு முடிவையும், ஏறியிருந்த தொகை, குறைத்த தொகை, விண்ணப்பித்தவர் குடியிருப்பவரா, முதலீட்டாளரா, வங்கியா, வீடு இப்போது சீராகிவிட்டதா என்ற விவரங்களோடு காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தனிநபர்களின் பெயர்கள் தேவையில்லை; தெருவும் தொகையும் போதும். துணைவிதியின் வரைவு முன்வைக்கப்படும் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஒதுக்கும் நேரத்தில் இவற்றை நேரில் வலியுறுத்தவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நகரின் குடிமகன் ஒருவன்
மத்திய புளோரிடா