பிரையன் ஃப்ரீல் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நவீன ஆங்கில நாடகங்கள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். பெக்கெட், பின்ட்டர், ஆர்தர் மில்லர், டென்னசி வில்லியம்ஸ் என்று வரிசையாக வந்தார்கள். ஆகஸ்ட் வில்சனுக்கும் ஒரு பத்தி கிடைத்ததில் சந்தோஷம். பின்ட்டரின் 'பர்த்டே பார்ட்டி' 1958இல் லண்டனில் ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. விமர்சகர் ஹரால்டு ஹாப்சன் புகழ்ந்து எழுதியது அச்சில் வருவதற்குள் நாடகத்தையே எடுத்துவிட்டார்கள். அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சரி, அது போகட்டும். அயர்லாந்துக்கு பெக்கெட் ஒருவரே போதும் என்று விட்டுவிட்டீர்களே, பிரையன் ஃப்ரீல் எங்கே?

ஃப்ரீலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' 1980இல் டெர்ரி நகரத்தில் அரங்கேறியது. கதை நடப்பது 1833இல், அயர்லாந்தின் டோனகல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். நம் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி ஒன்று, பழைய கொட்டகையில் நடக்கிறது. கிழிந்த சட்டைக்காரர்கள் கிரேக்கமும் லத்தீனும் படிக்கிறார்கள். ஊரை அளந்து வரைபடம் போட ஆங்கிலேயப் பட்டாளம் வந்து, ஐரிஷ் பெயர்களையெல்லாம் ஆங்கிலமாக்குகிறது. 'பன் ந ஹவன்' என்றால் ஆற்றின் முகத்துவாரம். அது 'பர்ன்ஃபுட்' ஆகிறது.

நாடகம் முழுக்க ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் பேசுவதை ஐரிஷ் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். மேடையில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை, புத்தகமாகத்தான் படித்தேன். யார் எந்த மொழியில் பேசுகிறார் என்று முதலில் இரண்டு மூன்று முறை பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் அந்தக் காதல் காட்சி. ஊர்ப் பெண் மாய்ராவுக்கு ஐரிஷ் மட்டும், பட்டாளத்தோடு வந்த அதிகாரி யோலண்டுக்கு ஆங்கிலம் மட்டும். அத்தை சொல்லிக்கொடுத்த ஒரே ஓர் ஆங்கில வாக்கியத்தை அவள் ஒப்பிக்கிறாள்; அதில் நார்ஃபோக் என்ற பெயர் வருகிறது. அவன் அம்மாவின் ஊரே அதுதான்! அவன் துள்ளிக் குதிக்க, ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டோமோ என்று இவள் பதறுகிறாள். கடைசியில் இருவரும் ஊர்ப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லியே நெருங்கிவருகிறார்கள். காதலைச் சொல்ல ஊர்ப் பெயரே போதும் என்று எழுத எத்தனை பேருக்குத் தோன்றும்?

முதல் காட்சியில் சேரா என்ற பெண், பேச்சே வராதவள், தன் பெயரைத் திக்கித் திணறிச் சொல்லக் கற்கிறாள். மூன்றாம் அங்கத்தில் அந்தப் பட்டாளத்துக் கேப்டன் லான்சி அவளிடம் அதட்டிப் பெயர் கேட்கிறார். வாய் திறக்கிறது, குரல் வரவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்றே அங்கங்கள், ஒரு மாலையில் படித்துவிடலாம். கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் ஃப்ரீலுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

தங்கள் வாசகன்,
கும்பகோணம்